விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறுவோருக்கு: நிறுவுவதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

என் மடிக்கணினியில், விண்டோஸைப் போன்ற இன்னோர் இயங்குதளமான லினக்ஸை நிறுவ இருபத்தைந்து நிமிடங்கள் பிடித்தன. அந்த இருபத்தைந்து நிமிடங்களுக்கு முன்பே முடித்திருக்க வேண்டிய நான்கைந்து சிறு வேலைகளைச் செய்யாமல் விட்டதால் வந்த சிக்கல்களைத் தீர்க்க ஒன்பது நாட்கள் பிடித்தன. அந்த ஒன்பது நாட்களை நீங்களும் இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். விண்டோஸ் உள்ள ஒரு கணினியில், அதை அழிக்காமல், பக்கத்திலேயே லினக்ஸை நிறுவி அன்றாட வேலைகளுக்குப் பயன்படுத்த விரும்பும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கும் இதே படிகள் பொருந்தும்.

செலவைப் பொறுத்தவரை, கீழே சொல்லும் லினக்ஸ் வகைகள் எல்லாம் இலவசம். உரிமம் வாங்கவோ பதிவு செய்யவோ தேவையில்லை. குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள ஒரு பென் டிரைவும், உங்கள் கோப்புகள் முழுவதும் அடங்கும் அளவுக்கு ஒரு வெளிப்புற வன்தட்டும் வேண்டும். நேரத்தைப் பொறுத்தவரை, முன்னேற்பாடுகளுக்கு ஒரு முழு நாளையும் நிறுவலுக்கும் அமைப்புகளுக்கும் அடுத்த நாளின் பாதியையும் ஒதுக்குங்கள். மறுநாள் காலையில் அந்தக் கணினியில் அவசர வேலை இருக்குமானால் அன்றிரவு தொடங்காதீர்கள்.

1. உங்கள் வேலை லினக்ஸில் நடக்குமா என்று முதலில் பாருங்கள்

ஒரு வாரம் முழுவதும் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு மென்பொருளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், விஎல்சி, தண்டர்பேர்டு போன்றவை லினக்ஸிலும் அப்படியே கிடைக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸின் நிறுவக்கூடிய பதிப்பும் ஃபோட்டோஷாப்பும் லினக்ஸுக்கென்று வெளியிடப்படுவதில்லை. ஆஃபீஸை உலாவி வழியாகப் பயன்படுத்தலாம். ஃபோட்டோஷாப்பில் தொழில் செய்பவர் விண்டோஸைக் கையோடு வைத்திருப்பதே நல்லது. மின்னணுக் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன் வைத்திருப்பவர்கள், அதற்கு லினக்ஸ் மென்பொருள் உண்டா என்பதைத் தந்தவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். விளையாட்டுகளில் பெரும்பகுதி, ஸ்டீம் விளையாட்டுத் தளம் தரும் புரோட்டான் வழியாக ஓடிவிடுகிறது; விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் கருவி அது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் சில இணையப் போட்டி விளையாட்டுகள் ஓடுவதில்லை.

ஆஃபீஸுக்கு மாற்றான லிப்ரெஆஃபீஸ், ஃபோட்டோஷாப்புக்கு மாற்றான கிம்ப், வரைகலைக்கான இங்க்ஸ்கேப் ஆகிய மூன்றும் விண்டோஸிலும் ஓடுபவை. அவற்றை விண்டோஸிலேயே நிறுவி இரண்டு வாரம் புழங்கிப் பாருங்கள். இயங்குதளமும் மென்பொருள்களும் ஒரே நாளில் மாறும்போது, கோளாறு எதிலிருந்து வருகிறது என்றே புரியாமல் போகும்.

2. எந்த லினக்ஸ் என்பதில் அதிக நேரம் செலவிடாதீர்கள்

லினக்ஸ் மின்ட், அல்லது உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. முதன்முறை வருபவருக்கு இவற்றைத் தாண்டி நான் எதையும் பரிந்துரைக்க மாட்டேன். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளியாகி ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுகிறது. மின்ட் அதன்மேல் கட்டப்பட்டது; அதன் சின்னமன் முகப்பு விண்டோஸ் பழகிய கைக்கு உடனே பிடிபடும். ஃபெடோரா நல்ல தரமானது என்றாலும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே ஆதரவு இருப்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது பதிப்பு மாற்ற வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் நாமே அமைக்க வேண்டிய ஆர்ச் லினக்ஸைப் புகழ்ந்து பேசும் நண்பர் உங்களுக்கும் இருப்பார். அவர் பேச்சை ஓராண்டு கழித்துக் கேட்டுக்கொள்ளலாம்.

மின்ட்டுக்கு 4 ஜிபி நினைவகமும் 100 ஜிபி வட்டு இடமும் பரிந்துரைக்கப்படுகின்றன. இடம் குறைவாக இருந்தால் 40 ஜிபியிலும் ஓட்டலாம், ஆனால் சில மாதங்களில் நெருக்கடி வரும்.

3. காகிதத்தில் எழுதி வைக்க வேண்டியவை

நான் தவறிய இடம் இதுதான் என்பதால் இந்தப் படியைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அண்மைக் காலக் கணினிகள் பலவற்றில், உரிமையாளர் எதையும் இயக்காமலேயே வட்டு முழுவதும் விண்டோஸின் பிட்லாக்கர் முறையில் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். அன்றாடப் பயன்பாட்டில் இது கண்ணுக்கே தெரியாது. கணினியின் ஃபர்ம்வேர் (இயங்குதளம் தொடங்குமுன்பே ஓடும், கணினிக்குள் பதிந்த மென்பொருள்) அமைப்பில் செக்யூர் பூட் (நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்கவிடும் வசதி) போன்ற ஒன்றை மாற்றியவுடன், அடுத்த முறை விண்டோஸ் தொடங்கும்போது நீல நிறத் திரை ஒன்று வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் வட்டிலுள்ள எதையும் திறக்க முடியாது. எனக்கு வந்த திரையில் ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுக் கட்டங்கள் இருந்தன. என் கையில் ஓர் எண்கூட இல்லை. கணினி வாங்கிய நாளில் அவசரத்துக்குத் தொடங்கிய, அதன்பின் ஒருமுறையும் திறக்காத ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருந்தது. அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மீட்கவே நான்கு நாட்கள் சென்றன.

ஆகவே, விண்டோஸில் இருக்கும்போதே அமைப்புகளுக்குள் சென்று குறியாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், மீட்பு எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதுங்கள். எழுதியதை ஒருமுறை திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன்பின் குறியாக்கத்தை அணையுங்கள், ஏனெனில் குறியாக்கம் செய்த வட்டுப் பகுதியை (பார்ட்டிஷனை) லினக்ஸின் நிறுவல் மென்பொருளால் சுருக்க முடியாது. அணைப்பது பொத்தானை அழுத்தியவுடன் முடிகிற வேலையும் அன்று. வட்டின் அளவைப் பொறுத்துச் சில மணி நேரம் பிடிக்கலாம். முழுவதும் முடிந்ததாகத் திரை சொல்லும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அதே காகிதத்தில் வைஃபை கடவுச்சொல், மின்னஞ்சல் கடவுச்சொற்கள், விலைகொடுத்து வாங்கிய மென்பொருள்களின் உரிம எண்கள், ஈரடுக்குச் சரிபார்ப்புக்கான மாற்றுக் குறியீடுகள் ஆகியவற்றையும் எழுதுங்கள். லினக்ஸிலிருந்து நீங்கள் நுழையும்போது இணையதளங்கள் உங்களைப் புதிய கருவியில் வந்தவராகவே பார்க்கும். வரிசையாகச் சரிபார்ப்புக் கேள்விகள் வரும். அன்று முழுவதும் உங்கள் கைபேசி பக்கத்தில் இருக்க வேண்டும்.

4. காப்புப்பிரதி

உங்கள் கோப்புகளை வெளிப்புற வன்தட்டுக்கு நகலெடுத்து, அதை வேறொரு கணினியில் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகுதான் அதைக் காப்புப்பிரதி என்று சொல்லலாம். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவைப் பயன்படுத்துவோர் ஒரு கண்ணியைக் கவனிக்க வேண்டும்: ஆவணங்கள் அடைவில் தெரியும் கோப்புகள் சில உண்மையில் கணினியில் இருக்காது, பெயர் மட்டுமே இருக்கும். கோப்பின் பக்கத்தில் மேகச் சின்னம் தெரிந்தால் அதை முதலில் கணினிக்கு இறக்குங்கள். லினக்ஸுக்கு ஒன்டிரைவோ கூகுள் டிரைவோ அதிகாரபூர்வ ஒத்திசைவுச் செயலி வெளியிடவில்லை என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். உலாவி வழியாகப் பார்க்கலாம், பிறர் எழுதிய கருவிகளும் உண்டு.

இரண்டாவது பென் டிரைவ் ஒன்று இருந்தால் அதில் விண்டோஸ் நிறுவல் ஊடகத்தையும் உருவாக்கி வையுங்கள். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பிணைக்கப்பட்டிருப்பதால், பின்னாளில் திரும்ப நிறுவினாலும் புதிதாக வாங்க வேண்டியிராது.

5. விண்டோஸில் செய்ய வேண்டிய இரண்டு மாற்றங்கள்

முதலாவது, மின்சக்தி அமைப்புகளில் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைப்பது. அது இயங்கும்போது நீங்கள் கணினியை நிறுத்தினாலும் விண்டோஸ் முழுவதாக நிற்பதில்லை, பாதி உறக்கத்தில் கிடக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியைத் திறந்தால் கோப்புகளைப் படிக்க முடியும், எழுத முடியாது. காரணம் தெரியாமல் கோப்பில் எழுதும் அனுமதியில் சிக்கல் என்று நினைத்து நான் ஒரு மாலை முழுவதும் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, இடம் ஒதுக்குவது. விண்டோஸ் பகுதியை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியைக் கொண்டே சுருக்குங்கள். வட்டில் 300 ஜிபி காலியாக இருந்தாலும், சில நேரம் 20 ஜிபிக்கு மேல் சுருக்க முடியாது என்று அது சொல்லும். நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் கிடப்பதே காரணம். உறக்கநிலை வசதியையும், நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக அணைத்து, கணினியை மறுபடி தொடங்கி முயன்றால் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். வந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். விண்டோஸில் அதற்குப் பெயரிடவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம்.

6. பென் டிரைவைத் தயார் செய்தல்

லினக்ஸ் முழுவதும் அடங்கிய நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை அந்தந்த லினக்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். மின்ட் ஏறத்தாழ 3 ஜிபி, உபுண்டு ஏறத்தாழ 6 ஜிபி. இறங்கிய கோப்பு சிதையாமல் வந்திருக்கிறதா என்பதை கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணைக் கொண்டு சரிபாருங்கள். விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூடில் (certutil) கட்டளை அந்த 64 எழுத்துகளைக் கணக்கிட்டுத் தரும், அவற்றைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. தவிர்த்தால் நிறுவல் பாதியில் நின்று, குற்றம் கணினியிலா கோப்பிலா என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

கோப்பை வெறுமனே பென் டிரைவுக்கு நகலெடுத்தால் போதாது. ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருளைக் கொண்டு எழுத வேண்டும். அதிலிருந்த பழையவை எல்லாம் அழிந்துவிடும். எழுதி முடித்ததும் இந்த வட்டை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்கக்கூடும். வேண்டாம் என்றே சொல்லுங்கள். லினக்ஸ் பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாததால் வரும் கேள்வி அது.

7. நிறுவாமலே அரை நாள் ஓட்டிப் பாருங்கள்

கணினியைத் தொடங்கும்போது எஃப்12, எஃப்2, எஸ்கேப், டெலீட் ஆகியவற்றில் உங்கள் கணினிக்குரிய விசையை அழுத்தி, பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், வட்டைத் தொடாமலேயே லினக்ஸ் முழுவதாக ஓடும். வைஃபை, ஒலி, ஒலிவாங்கி, கேமரா, புளூடூத், திரையின் ஒளி அளவு, தொடுபலகை, வெளித்திரை, அச்சுப்பொறி என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். மூடியை மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து, கணினி விழித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். மின்கலத்தின் சதவீதத்தையும் மூடுமுன் குறித்துக்கொள்ளுங்கள். தூங்கும்போதும் மின்கலத்தைத் தின்னும் மடிக்கணினிகள் உண்டு. கைரேகை உணரி வேலை செய்யாவிட்டால் வியப்படையாதீர்கள்.

வைஃபை தெரியாவிட்டால் பதற வேண்டியதில்லை. கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, கைபேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பிவழி இணையம் போலவே ஏற்றுக்கொள்ளும். அதன் வழியாக வைஃபைக்கான டிரைவரை (அந்த வன்பொருளை இயக்கும் மென்பொருளை) இறக்கிக்கொள்ளலாம். பிராட்காம் சில்லு உள்ள கணினிகளில் இது அடிக்கடி தேவைப்படும்.

8. நிறுவுதல்

மொழி, நேர மண்டலம், பயனர் பெயர் ஆகிய கேள்விகளுக்கு விளக்கம் தேவையில்லை. கவனமாக இருக்க வேண்டியது வட்டைப் பற்றிய ஒரே திரையில்தான். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு என்ற தெரிவு இருந்தால் அதையே எடுங்கள். வட்டை அழித்து நிறுவு என்ற தெரிவும் அதே திரையில் இருக்கும். அதை அழுத்திவிட்டு உறுதியும் செய்தால் விண்டோஸும் கோப்புகளும் போய்விடும். தொடர்வதற்கு முன் வரும் சுருக்கப் பட்டியலை உரக்க வாசியுங்கள். பகுதிகளை நீங்களே பிரிப்பதானால், 100 முதல் 260 எம்பி வரை உள்ள ஈஎஃப்ஐ பகுதியைப் பயன்படுத்தலாம், ஃபார்மட் செய்யக் கூடாது. விண்டோஸைத் தொடங்கும் கோப்புகள் அதற்குள்தான் இருக்கின்றன.

நிறுவல் மென்பொருள் உங்கள் வட்டையே காட்டாவிட்டால், ஃபர்ம்வேரில் சேமிப்பக முறை ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கக்கூடும். அதை ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும், ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் தொடங்காது. விண்டோஸை அடுத்த முறை, அடிப்படை வசதிகளோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் தொடங்குமாறு அமைத்துவிட்டு, ஃபர்ம்வேரில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் தொடங்கவிட்டு, பின் அந்த அமைப்பை நீக்குங்கள்.

9. முதல் நாள்

முதலில் எல்லாப் புதுப்பிப்புகளையும் நிறுவுங்கள். இணைய வேகத்தைப் பொறுத்து அரை மணி முதல் ஒரு மணி வரை ஆகும். கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையத்தில் கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். விசைப்பலகை பழுதாகிவிட்டதென்று எண்ணாமல் தட்டி முடித்து என்டரை அழுத்துங்கள்.

என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை உள்ளவர்கள் டிரைவர் மேலாளரில் பரிந்துரைக்கப்படும் டிரைவரை நிறுவும்போது, செக்யூர் பூட் இயங்கினால், ஒரு தற்காலிகக் கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். எளிய எழுத்துகளும் எண்களும் போதும், குறியீடுகள் வேண்டாம். கணினி மறுபடி தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வந்து, ஏதேனும் ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்திலிருந்து எண்ணத் தொடங்கும். நான் அந்தப் பத்து வினாடியில் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கணினி வழக்கம்போலத் தொடங்கியிருந்தது, டிரைவர் மட்டும் ஏறவில்லை, வெளித்திரை இருண்டு கிடந்தது. அந்தத் திரையில் விசையை அழுத்தி, டிரைவரை நம்பலாம் என்று கணினிக்குச் சொல்லும் சாவியைப் பதிவு செய்யும் தெரிவை எடுத்து, அதே கடவுச்சொல்லைத் தந்தால்தான் டிரைவர் இயங்கும். தவறவிட்டால் பதிவு வேண்டுகோளை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

அடுத்து டைம்ஷிஃப்ட் என்ற கருவியை இயக்கி, இயங்குதளத்தின் அப்போதைய நிலையை ஒரு படிமமாக எடுத்து வையுங்கள். ஏதேனும் புதுப்பிப்பு கெடுத்துவிட்டால் முந்தைய நிலைக்குத் திரும்ப அது உதவும். அது இயல்பாகக் காப்பது இயங்குதளத்தை மட்டுமே, உங்கள் சொந்தக் கோப்புகளை அன்று. அவற்றுக்கு வெளி வட்டில் தனிக் காப்பு எப்போதும் வேண்டும்.

10. தமிழில் தட்டச்சு செய்ய

ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற தொகுப்பை மென்பொருள் மேலாளரிலிருந்து நிறுவி, வெளியேறி மறுபடி நுழையுங்கள். வெளியேறாமல் தேடினால் பட்டியலில் தமிழ் முழுமையாக வராது. என் அரை மணி அதில் போயிற்று. அதன்பின் உள்ளீட்டு அமைப்புகளில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை ஆகியவை கிடைக்கும். தமிழ்99 என்ற பெயரில் இரண்டு பதிவுகள் தென்பட்டால் எம்17என் என்று குறிக்கப்பட்டதை எடுங்கள். மொழி மாற்ற, விண்டோஸ் சின்னம் உள்ள விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

எழுத்துருக்களில் நோட்டோவும் லோகித்தும் நன்றாகவே இருக்கின்றன. லதா, நிர்மலா போன்றவை விண்டோஸோடு வருபவை என்பதால், அவற்றில் அமைத்த ஆவணம் லினக்ஸில் வேறு எழுத்துருவில் திறந்து பக்கங்கள் இடம் மாறும். பாமினி போன்ற பழைய முறையில் தட்டிய கோப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். விண்டோஸ் பகுதியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை நகலெடுத்து நிறுவினால் சரியாகும், யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் தொல்லை நிரந்தரமாகத் தீரும்.

11. அன்றாடத்தில் இடறும் இடங்கள்

மென்பொருள் வேண்டுமென்றால் இணையத்தில் தேடி இறக்கும் பழக்கத்தை விட்டு, மென்பொருள் மேலாளரில் தேடுங்கள். மின்ட்டில் ஒரே செயலி, அதன் சொந்தக் களஞ்சியப் பதிப்பாகவும், எல்லா லினக்ஸ் வகைகளுக்கும் பொதுவான ஃபிளாட்பேக் தொகுப்பாகவும் இருக்கும். புதிய பதிப்பு தேவைப்படாதவரை நான் முன்னதையே எடுக்கிறேன், சில ஃபிளாட்பேக் செயலிகளில் தமிழ்த் தட்டச்சு எனக்கு ஏறவில்லை என்பதும் ஒரு காரணம். புரியாத கட்டளையை எங்கிருந்தோ நகலெடுத்து முனையத்தில் ஒட்டாதீர்கள். அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதையாவது பாருங்கள்.

வேர்டு கோப்புகளைப் பிறரோடு பரிமாறுபவர்கள் கார்லிட்டோ, கலாடியா எழுத்துருக்களை நிறுவிக்கொள்ளுங்கள். அவை முறையே காலிப்ரி, கேம்ப்ரியா ஆகியவற்றின் அதே அகலத்தில் அமைந்தவை என்பதால் வரிகள் இடம் மாறாது. இறுதி ஆவணத்தை பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

இரண்டு இயங்குதளங்களுக்கும் இடையே மாறும்போது கடிகாரம் சில மணி நேரம் பிசகும். வன்பொருள் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸும், உலகப் பொது நேரம் என்று லினக்ஸும் எடுத்துக்கொள்வதால் வருவது இது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே கட்டளை போதும். விண்டோஸின் பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு லினக்ஸ் தொடங்காமல் நேரே விண்டோஸ் வந்தால், லினக்ஸ் அழிந்துவிடவில்லை. ஃபர்ம்வேரில் தொடக்க வரிசை மாறியிருக்கும், அங்கே லினக்ஸை மேலே ஏற்றுங்கள்.

12. விண்டோஸை எப்போது நீக்கலாம்

விண்டோஸுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் எதற்காகத் திரும்பினேன் என்பதை முதல் படியில் மென்பொருள் பெயர்களை எழுதிய தாளின் பின்புறம் எழுதி வாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் வரிப் படிவமும் விண்ணப்பமும் அதில் அடங்க வேண்டும் என்பதால், குறைந்தது ஓராண்டு காத்திருக்கச் சொல்வேன். என் தாளில் கடைசியாக எஞ்சியிருப்பது ஒரு பழைய ஸ்கேனர் மட்டுமே. அதற்காக 60 ஜிபியை இன்னும் விண்டோஸுக்கு விட்டுவைத்திருக்கிறேன். நீக்குவதென்று முடிவு செய்தால், லினக்ஸ் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, விண்டோஸ் பகுதியை மட்டும் அழித்து, பக்கத்தில் உள்ள லினக்ஸ் பகுதியை விரிவாக்குங்கள். விரிவாக்குவதற்கு முன் காப்புப்பிரதி எடுங்கள். ஈஎஃப்ஐ பகுதியில் இப்போது லினக்ஸின் தொடக்கக் கோப்புகளும் இருப்பதால் அதில் கை வைக்காதீர்கள்.